அம்பாசடரில் செல்ஃப் இழுக்கவில்லை: பழைய லூகாஸா, கியர் ஸ்டார்ட்டரா?

எஞ்சின் வேலை முடித்து இறக்கிய 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின் கொண்ட அம்பாசடரில் செல்ஃப் போட்டால் முனகிவிட்டு நின்றுபோவது பலருக்கும் வரும் தலைவலி. வழி இரண்டு: ஏற்கெனவே இருக்கும் லூகாஸ் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்யலாம், அல்லது கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர் (உள்ளே பல்சக்கரம் வைத்து இழுவையைக் கூட்டிய மோட்டார்) வாங்கி மாட்டலாம். நான் பழைய லூகாஸ் பக்கம்தான். காரணத்துக்கு வருமுன், குற்றம் மோட்டாருடையதுதானா என்று பார்த்துவிட வேண்டும்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றுங்கள். புது ரிங், புது பேரிங் என்றால் இறுக்கம் இருக்கும். ஆனால் அது சுற்று முழுதும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் கேப் இடம் மாறியிருக்கலாம். கியர் ஸ்டார்ட்டரில் எனக்குள்ள முதல் பயம் இதுதான். அதன் பலத்தில் எஞ்சின் சுற்றிவிடும், பேரிங்கின் குறை வெளியே தெரியாது.

அடுத்தது எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. புதிதாக பெயிண்ட் அடித்த எஞ்சினில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஸ்டார்ட்டருக்குத் தனி எர்த் வயர் கிடையாது; அதன் உடம்பு தொடும் பிளேட் வழியாகத்தான் கரண்ட் திரும்புகிறது. எஞ்சினோ ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது; ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. பெயிண்டும் துருவும் சேர்ந்து 5 மில்லி ஓம் தடை வந்தால்கூட 200 ஆம்பியரில் 1 வோல்ட் போய்விடும். எஞ்சின் ஓடத் தொடங்காதபடி இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஒருவர் செல்ஃப் போடும்போதே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பேட்டரியின் எர்த் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் இடையே 0.3 வோல்ட், மறுபக்கம் பேட்டரி முனையிலிருந்து ஸ்டார்ட்டர் டெர்மினல் வரை 0.5 வோல்ட். இவற்றைத் தாண்டினால் கோளாறு வயரிலோ சொலினாய்டிலோ (கரண்ட்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) எர்த்திலோதான். பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். ஸ்பார்க் டைமிங் அதிகம் அட்வான்ஸ் ஆகி, பிளக் முன்கூட்டியே பற்றவைத்தாலும் எஞ்சின் எதிர்த்து உதைக்கும், செல்ஃப் வலுவில்லாதது போலத் தோன்றும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றலாம். லூகாஸில் பெரும்பாலும் தேய்வது புஷ், அதாவது ஷாஃப்ட்டைத் தாங்கும் வெண்கல வளையம். புஷ் தேய்ந்ததும் ஆர்மேச்சர் (சுழலும் பாகம்) இறங்கி, அதைச் சுற்றியுள்ள இரும்புத் துண்டான போல் ஷூவில் உரசும். உரசிய இடம் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும். புது வெண்கல புஷ்ஷை 24 மணி நேரம் சுத்தமான எஞ்சின் ஆயிலில் ஊறவைத்து, ஷாஃப்ட் அளவுக்கே வழவழப்பான மாண்ட்ரல் (இரும்பு உருளை) வைத்து அழுத்தி இறக்க வேண்டும். இறக்கிய பிறகு ரீமரோ எமரியோ உள்ளே போகக் கூடாது; புஷ்ஷின் நுண்துளைகள் அடைபட்டால் ஆயில் கசியாது, புஷ் சீக்கிரமே போய்விடும். லேத் கடையில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கார்பன் 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுங்கள். கம்யூட்டேட்டரை (கார்பன் உரசும் செம்பு உருளை) லேசாகக் கடையலாம், ஆனால் டைனமோவுக்குச் செய்வதுபோல செம்புப் பட்டைகளுக்கு இடையே உள்ள மைக்காவை வெட்டி இறக்கக் கூடாது. லூகாஸ் ஸ்டார்ட்டருக்கு அது ஆகாது. பழக்கதோஷத்தில் பல கடைகளில் வெட்டிவிடுகிறார்கள். பினியனை (ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம்) ஃப்ளைவீலில் கோக்கும் பெண்டிக்ஸ் திருகை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தால் போதும். கிரீஸ் தடவினால் கிளட்ச் தூசி ஒட்டிப் பினியன் சிக்கும்.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது இந்தப் பராமரிப்புதான். புஷ், கார்பன், ஸ்பிரிங் என எல்லாமே எளிய சாமான்கள். ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் ஒரு லேத்தும் உள்ள எந்த ஊரிலும் வேலை முடிந்துவிடும். கியர் ஸ்டார்ட்டரில் உள்ளே ஒரு ஒருவழி கிளட்ச், ஒரு கியர் செட், மேலே ஒரு சொலினாய்டு. ஒன்று போனால் அதே மாடலின் பாகத்தைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் முழுதாக மாற்ற வேண்டியதுதான். நீண்ட கால ஓட்டத்தில் அது எப்படித் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அதற்கும் நியாயமான இடம் உண்டு. எடை குறைவு, கரண்ட் குறைவாக இழுக்கும், சூட்டிலும் வேகமாகச் சுற்றும். கம்ப்ரஷனை நன்றாக ஏற்றிய எஞ்சினுக்கோ, பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் ஹெடர் போகும் வண்டிக்கோ நானும் அதையே சொல்வேன். வாங்குமுன் ஃப்ளைவீல் ரிங்கின் பல் சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது, புது பினியன் எந்தப் பக்கமிருந்து நுழைகிறது என்று ஒப்பிடுங்கள். எதிரெதிராக இருந்தால் பல் அரைபடும். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்த) வண்டி என்றால் இன்னொரு கேள்வி: உள்ளே காயிலா, நிரந்தரக் காந்தமா? காயில் சுற்றிய லூகாஸ் எந்த எர்த்திலும் ஒரே திசையில்தான் சுற்றும். காந்த மோட்டார் திசை மாறிவிடும்.

கியர் ஸ்டார்ட்டர் மாட்டும்போது வயரிங்கில் பலர் குறுக்குவழி போடுகிறார்கள். பழைய சொலினாய்டை அப்படியே விட்டு, புது ஸ்டார்ட்டரிலேயே பேட்டரி வயர் வரும் பெரிய முனைக்கும் அதன் சொலினாய்டை இயக்கும் சின்ன முனைக்கும் ஒரு துண்டு வயர் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் செல்ஃபை விட்ட பிறகும், சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்ட்டேஜில் பினியன் சற்று நேரம் பிடித்தபடியே நிற்கும். பேட்டரியின் தடித்த வயர் நேராக ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டும். பழைய சொலினாய்டின் வெளிமுனை சின்ன முனையை மட்டும் இயக்கட்டும். அந்தத் தடித்த வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும் என்பதால், பாடியில் உரசும் இடங்களில் ரப்பர் குழாய் போட்டு, எக்ஸாஸ்டைத் தொடாமல் கட்டுங்கள்.