ஆரஞ்சு ஐஸ்கிரீம் சுவையில் பீர்: 5 லிட்டர் கிட் தேறுமா?

வீட்டிலேயே பீர் காய்ச்ச, பெங்களூரில் ஆன்லைனில் வாங்கிய கிட். பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) 600 கிராம், கோதுமை மால்ட் 500 கிராம், பால் சர்க்கரை 150 கிராம், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ), உலர் ஈஸ்ட், ஏர்லாக் (வாயுவை வெளியேவிட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு). மால்ட்டை மாவாகவே அரைத்துவிட்டார்கள். வடிகட்டும் துணி அடைத்துக்கொள்கிறது. ரவைப் பதம் போதும், உமி சிதையக் கூடாது.

கையேட்டில் ‘வெதுவெதுப்பான நீர்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. அது உதவாது. மால்ட் 67 டிகிரி செல்சியஸ் நீரில் 60 நிமிடம் ஊற வேண்டும். 75-ஐத் தாண்டினால் நொதிகள் செயலிழந்து மாவுச்சத்து சர்க்கரையாக மாறாது.

ஆரஞ்சுச் சாறு ஊற்றாதீர்கள். அதன் இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும், புளிப்புதான் மிஞ்சும். மணம் தோலில் இருக்கிறது. நாக்பூர் ஆரஞ்சின் தொளதொளத் தோலைச் சீவுவது பெரும்பாடு. மால்டா ஆரஞ்சு இரண்டு எடுத்து, வெள்ளைப் பகுதி படாமல் சீவி, வடித்த மால்ட் நீர் கொதிக்கும்போது, அடுப்பை அணைக்க 5 நிமிடம் முன்பு போடுங்கள். வெள்ளை சேர்ந்தால் கசக்கும். வனிலா நெற்று அரை, நொதித்து முடிந்தபின்.

பெரிய குறை, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இல்லை. பால் சர்க்கரையை ஈஸ்ட்டால் நொதிக்க முடியாது என்பதால் அடர்த்தி 1.020 (தண்ணீருக்கு 1.000) அருகிலேயே நின்றுவிடும். பதறி இன்னொரு பொட்டலம் ஈஸ்ட் கொட்ட வேண்டாம். மூன்று நாள் அதே எண் காட்டினால் நுரை வர லிட்டருக்கு 6 கிராம் சாதாரண சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடிச் சில்லோடு.

டிசம்பர் குளிருக்கு இந்த ஈஸ்ட் சமர்த்து. ஏப்ரலில் 30 டிகிரி தாண்டினால் தொண்டை எரியும் சாராய நெடி வரும். நொதிக்கும் பாத்திரத்தை வாளித் தண்ணீரில் நிறுத்தி ஈரத்துணி சுற்றுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆகாது. பெட்டியில் அதைச் சொல்லவே இல்லை.