பென்ஸுக்கு ஊற்றியது பேரல் ஆயில்: குன்னூர், ஊட்டிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி எல்லாம் இப்போது செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கின்றன. வாங்கிவிடுகிறோம். சர்வீஸ் என்று வரும்போதுதான் கையைக் கடிக்கிறது. ஒவ்வொரு முறையும் மலை இறங்கிக் கோயம்புத்தூர் போக முடியாது என்று உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் விடுகிறோம். அப்படி விட்ட இடத்தில்தான் எனக்கு நாமம் போட்டார்கள். கடை குன்னூரில். பெயர் வேண்டாம்.

என்னுடையது 2006 மாடல் சி 200 கம்ப்ரெஸர், பெட்ரோல். ஐந்தரை லிட்டர் ஆயில் பிடிக்கும். இந்த எஞ்சினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் கொஞ்சம் நோஞ்சான். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. அதனால் ஆயிலில் மட்டும் சமரசம் கூடாது. டப்பாவின் பின்பக்கம் 229.3 அல்லது 229.5 என்ற பென்ஸ் அப்ரூவல் எண் இருக்க வேண்டும், 229.5 ஆக இருந்தால் நல்லது என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொன்னேன். "இருக்கு சார், ஃபுல் சின்தெடிக் 5டபிள்யூ-40, கோயமுத்தூர்ல ஹோல்சேல்ல எடுத்தது, உங்களுக்கு லிட்டர் 600 போட்டுக்கறேன்" என்றார். கடைகளில் விசாரித்ததைவிடக் குறைவு. சரி என்று விட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வண்டி தயார். காலி டப்பா எங்கே என்றால் "ஸ்கிராப்காரன் எடுத்துட்டுப் போயிட்டான் சார்". பில்லில் "ஆயில் சர்வீஸ்" என்று ஒரே வரி.

மறுநாள் காலை நல்ல குளிர். ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று செயின் சத்தம். முன்பெல்லாம் வந்தால் ஒரு நொடி வரும், அடங்கிவிடும். இது நீண்டது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் கூடக்கூட ஆயில் குளிரில் கெட்டி. 5டபிள்யூவுக்குப் பதில் 15டபிள்யூ ஊற்றினாலும், ஊட்டியில் உறைபனி விழும் நாளில்கூட அது கட்டியாகிவிடாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கெட்டியான ஆயில் குளிரில் மேலே ஏறி டென்ஷனருக்குப் போய்ச் சேரக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதுவரை செயின் ஆடும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஓனர் இல்லை, வேலை செய்யும் பையன் மட்டும். என்ன ஆயில் ஊற்றினாய் தம்பி என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். மூலையில் கைப்பம்பு மாட்டிய பேரலைக் காட்டி, "இதுலருந்துதானுங்ண்ணா, எல்லா வண்டிக்கும் இதுதானுங்" என்றான். பேரலின் மேல் 15டபிள்யூ-40, சிஐ-4 என்று அச்சிட்டிருந்தது. பிக்கப்புக்கும் லாரிக்கும் ஊற்றும் டீசல் ஆயில். அதனதன் இடத்தில் நல்ல ஆயில்தான்; என் வண்டிக்கு அது இல்லை, 600 ரூபாயும் அதற்கு இல்லை. பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதற்கு உண்மையைச் சொன்னான்.

அப்புறம் மேட்டுப்பாளையத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் எல்லாவற்றையும் இறக்கினேன். இந்த எஞ்சினில் ஃபில்டர் மேலேயே இருக்கிறது. கப் ஸ்பேனர் போட்டு மூடியைத் திருகினால் கையோடு வந்துவிடும். வந்தது பழைய ஃபில்டர். மடிப்பெல்லாம் உப்பி, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. புது ஃபில்டரோடு பாக்கெட்டிலேயே ஓ-ரிங், அதாவது ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், வரும். இதில் இருந்த ஓ-ரிங்கை அவர் நகத்தால் அழுத்தியதும் இரண்டாக உடைந்தது. ஃபில்டருக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்!

விலை குறைந்த ஆயில் தேடுவதில் தப்பே இல்லை. பிராண்டைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். அதிகம் விளம்பரமில்லாத கம்பெனி ஆயிலிலும் அந்த எண் இருக்கலாம். ஆனால் லேபிளில் "அப்ரூவல்" என்று இருந்தால்தான் பென்ஸ் சோதித்து ஒப்புக்கொண்டது. "மீட்ஸ்", "சூட்டபிள்" என்றிருந்தால் அது ஆயில் கம்பெனி தானாகச் சொல்லிக்கொள்வது. சந்தேகமென்றால் பென்ஸே இணையத்தில் போட்டிருக்கும் அப்ரூவல் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் வண்டிக்கு 229.5 ஊற்றாதீர்கள், அதற்குச் சாம்பல் குறைந்த 229.51 அல்லது 229.52 வேண்டும்.

ஆயிலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். டப்பா மூடியைத் திருகும்போது அடி வளையம் உடைந்து கழுத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஊற்றி முடிந்ததும் காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள்; பிராண்டட் டப்பாவுக்கு மறுபடி நிரப்பி விற்பவர்களிடம் நல்ல கிராக்கி. பழைய ஃபில்டரையும் கேட்டு வாங்குங்கள்.

ஓனரிடம் ஃபோனில் பேசினேன். "பையன் மாத்தி ஊத்திட்டான் சார்" என்று ஆயில் காசை மட்டும் ஜீபேயில் அனுப்பினார். ஃபில்டர் காசும் கூலியும் கேட்டால் ஃபோனையே எடுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முதலில் கேட்டதே பில்லைத்தான். ஆகவே பிராண்ட், கிரேடு, லிட்டர், ஃபில்டர் எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்கள்.