நேற்றைய விலையில் இன்றைய வெள்ளி: ஆன்லைன் காயின் கடைகளை நம்பலாமா?

ஆன்லைனில் வெள்ளிக் காசு விற்கும் கடைகளைப் பற்றி ஒரே வரியில் சொன்னால், பொருள் பெரும்பாலும் சுத்தம், விலைதான் பழசு. 999 (ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி) என்று அச்சிட்ட சீல் அட்டையில், பெயர் பெற்ற சுத்திகரிப்பு ஆலையின் காசு வந்துசேரும், எடையும் சரியாக இருக்கும். ஆனால் திரையில் தெரியும் தொகை எந்த நேரத்து வெள்ளி விலையை வைத்துப் போட்டது என்று பல தளங்களில் எழுதியே இருக்காது. வாங்குபவரின் பணம் கரைவது அங்கேதான்.

வெள்ளி விலை எப்போது நகர்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நம் நாட்டில் உலோகங்கள் கைமாறும் எம்சிஎக்ஸ் சந்தை திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குத் திறந்து இரவு 11.30க்கு மூடுகிறது. அமெரிக்காவில் குளிர்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் 11.55 வரை போகும். அதன்பிறகும் நியூயார்க் சந்தை நம் விடிகாலை வரை நடக்கிறது. லண்டனில் எல்பிஎம்ஏ என்ற புல்லியன் சந்தைச் சங்கத்தின் விலை அங்கத்திய நண்பகலில் நிர்ணயமாகிறது. நமக்கு அது மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. நம்மூர் நகைக்கடைகளின் போர்டு ரேட்டோ, அதாவது கடைப் பலகையில் எழுதும் அன்றைய விலையோ, காலையில் ஒருமுறை அறிவிக்கப்படுகிறது. விலை தாறுமாறாக ஓடும் நாட்களில் மாலையில் இன்னொருமுறை மாறும். ஆக, இரவு பத்து மணிக்கு ஒரு தளத்தில் தெரியும் விலை அன்று காலை போட்டதாக இருக்கலாம். இதில் மிக மோசமான நேரம் திங்கள் விடிகாலைதான். சர்வதேசச் சந்தை 3.30 அல்லது 4.30க்கே திறந்து நகர ஆரம்பித்துவிடும். தளத்தில் மட்டும் சனிக்கிழமை விலை அப்படியே நிற்கும்.

விற்பவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகையினர் சந்தை விலையோடு நேரடியாக இணைந்தவர்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் தொகை மாறும். பணம் கட்டும் கட்டத்தில் சில நிமிடங்களுக்கு விலையைப் பூட்டிவைத்து, கடிகாரத்தையும் காட்டுவார்கள். உலோக மதிப்புக்கு மேல் காசுக்குக் கேட்கும் கூடுதல் விலை சற்று அதிகமாக இருந்தாலும் என் முதல் மதிப்பெண் இவர்களுக்குத்தான், ஏனென்றால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கண்ணெதிரே தெரிகிறது. இரண்டாம் வகை, போர்டு ரேட்டை நாளுக்கு ஒருமுறை ஏற்றும் நகைக்கடைத் தளங்கள். விலை அமைதியாக இருக்கும் வாரங்களில் இங்கே வாங்குவதில் தவறில்லை. மூன்றாம் வகைதான் தலைவலி. பெரிய ஆன்லைன் வணிகத் தளங்களில் கடை போட்டிருக்கும் விற்பனையாளர்களும், கேட்லாக்கில் ஒருமுறை எழுதிய தொகையை வாரக்கணக்கில் தொடாத சிறு புல்லியன் (வெள்ளி, தங்கக் கட்டி, காசு) கடைகளும் இதில் அடக்கம். தள்ளுபடி, கேஷ்பேக் என்று மேலே எவ்வளவு அலங்கரித்தாலும் அடியில் இருப்பது என்றோ போட்ட விலை.

பழைய விலை வாங்குபவருக்கும் சாதகமாக அமையலாமே என்று தோன்றும். நடைமுறையில் அப்படி அமைவதில்லை. வெள்ளி ஏறிய நாளில் பழைய குறைந்த விலைக்கு ஆர்டர் போட்டால், அடுத்த நாள் ‘ஸ்டாக் இல்லை’ என்று ரத்தாகும். பணம் திரும்பி வர ஒரு வாரம்கூட ஆகும். அதற்குள் வெள்ளி இன்னும் ஏறியிருந்தால் அதே காசை வேறு கடையில் கூடுதல் விலைக்குத்தான் வாங்க வேண்டும். வெள்ளி இறங்கிய நாளில் பழைய உயர்ந்த விலைக்கு ஆர்டர் போட்டவருக்கோ காசு மறுநாளே வீடு வந்துவிடும். அதை யாரும் ரத்து செய்வதில்லை.

இதற்கு ஒரே மருந்து, திரையில் தெரியும் தொகையை உடனே கிராம் விலையாக மாற்றிப் பார்ப்பது. கணக்குக்காக எம்சிஎக்ஸில் கிலோ 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராம் 150. அந்த விலையில் இறக்குமதி வரி சேர்ந்திருக்கும், ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 3 சதவீதம் சேர்த்தால் 154.50. 50 கிராம் காசுக்கு உலோக மதிப்பு 7,725 ரூபாய். தளத்தில் 8,900 என்று போட்டிருந்தால் கூடுதல் 15 சதவீதம். அச்சடிப்பு, அட்டை, காப்பீட்டோடு கூரியர், கடையின் லாபம் எல்லாம் இதற்குள் அடக்கம். இப்போது வெள்ளி கிராம் 141க்கு இறங்குகிறது, தளம் 8,900லேயே நிற்கிறது என்றால் உலோக மதிப்பு சுமார் 7,260தான். கூடுதல் 22 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தளத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, உங்களுக்குத்தான் 460 ரூபாய்க்கு மேல் போயிற்று.

இதே கணக்கை 10 கிராம் காசுக்குப் போட்டால் இன்னும் தெளியும். உலோக மதிப்பு 1,545, தளத்தில் 1,950 என்றால் கூடுதல் 26 சதவீதம். அச்சுக்கூலியும் கூரியரும் காசு சிறியது என்பதற்காகக் குறையாது. பரிசு கொடுக்க 10 கிராம் வாங்கலாம். சேமிப்புக்கு என்றால் 100 கிராமுக்குக் கீழே இறங்காதீர்கள், முடிந்தால் கட்டியாக வரும் பார் வெள்ளிக்கே போங்கள். லட்சுமி, விநாயகர் வண்ணப் பதிப்பு, மரப்பெட்டி, தேதி பொறித்தது என்று கொடுக்கும் எந்தக் கூடுதலும் விற்கும்போது திரும்பி வராது. அமெரிக்க ஈகிள், கனடா மேப்பிள் லீஃப் போன்ற வெளிநாட்டுக் காசுகளுக்கும் இதே கதிதான். ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் என்று எடை போட்டுத்தான் நம்மூர்க் கடைக்காரர் எடுப்பார், பெயருக்குத் தனி மதிப்பு தரமாட்டார்.

ஒப்பிட எந்த விலையை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நகை, புல்லியன் வியாபாரிகள் சங்கமான ஐபிஜேஏ வேலை நாட்களில் காலை, மாலை இருவேளை விலை வெளியிடுகிறது. அதில் ஜிஎஸ்டி கிடையாது. நாளிதழில் வரும் ‘பார் வெள்ளி கிலோ’ சில்லறை விலை. அது எம்சிஎக்ஸ் விலையோடு ஒத்துப்போகாது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எல்லாக் கடைகளையும் அதே நிமிடத்தில் அதோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு கடையைக் காலை விலையோடும் இன்னொன்றை மாலை விலையோடும் ஒப்பிட்டால் அந்தக் கணக்கே வீண்.

2025 அக்டோபரில் இந்தக் கணக்குகூட கைகொடுக்கவில்லை. தீபாவளி நேரத்தில் தேவை எகிற, லண்டனிலேயே கைவசம் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வர, நாட்டின் பெரிய சுத்திகரிப்பு நிறுவனமான எம்எம்டிசி-பாம்ப்பிடமே இருப்பு தீர்ந்தது. சர்வதேச விலை அவுன்ஸ் 54 டாலரைத் தாண்டியது. கோட்டக், எஸ்பிஐ, யுடிஐ போன்ற நிறுவனங்கள் வெள்ளி ஃபண்டுகளில் மொத்தமாகப் பணம் போடுவதையே நிறுத்திவைத்தன. அதுபோன்ற நாட்களில் சந்தை விலைக்கு மேல் உள்ளூர்த் தட்டுப்பாட்டு விலை ஒன்று ஏறி உட்காரும். அப்போது மலிவாகத் தெரியும் எந்தத் தளமும் பழைய விலையை மாற்ற மறந்த தளம்தான். ஆர்டர் ரத்தாகும் என்று எண்ணியே கையை வையுங்கள், அல்லது அந்த வாரம் சும்மா இருங்கள். அடித்துப்பிடித்து வாங்கியவர்கள் அந்த மாதக் கடைசிக்குள் விலை இறங்கியதைப் பார்த்தார்கள்.

மூன்றாம் வகைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் முதலில் போன் செய்யுங்கள். கேட்க வேண்டியது: ‘ஐம்பது கிராம் காயின் இப்போது கைவசம் இருக்கிறதா? இந்த நிமிடம் பணம் போட்டால் ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்த்து எவ்வளவு? அந்த விலையை மெசேஜில் எழுதி அனுப்புவீர்களா?’ எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு சவுகார்பேட்டை, என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் நேரில் போவதே மேல். மொத்த வியாபாரிகள் அந்த நேர விலையைப் பார்த்துத்தான் பேசுவார்கள், பேரத்துக்கும் இடமிருக்கும். பில்லில் எடை, தரம், கிராம் விலை, செய்கூலி, ஜிஎஸ்டி தனித்தனியாக இருக்க வேண்டும். எஸ்டிமேட் சீட்டை மட்டும் நீட்டி ‘வரி மிச்சம்’ என்பவரிடம் வாங்கினால், நாளை காசு போலி என்று தெரிந்தாலும் கேட்க வழியில்லை.

ஆர்டர் ரத்தானால் ரத்துக் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் கடைகளும் உண்டு. 2020 மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, தான் ஒருதலையாக ரத்து செய்யும்போது அதே கட்டணத்தை ஏற்காத தளம், வாங்குபவர் ரத்து செய்தால் கட்டணம் போட முடியாது. ஆர்டர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். சீல் அட்டையைக் கிழிக்காதீர்கள், கிழித்த காசுக்குத் திரும்ப எடுக்கும் விலை குறையும். சீல் இல்லாத காசு என்றால் நீரில் சோதிக்கலாம். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் அரை டம்ளர் தண்ணீர் வைத்து, எடையைச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு விலக்கும் தண்ணீரின் எடை. 50 கிராம் சுத்த வெள்ளி என்றால் அது 4.77 கிராம் இருக்க வேண்டும். செம்புக்கு மேல் முலாம் என்றால் 5.58 பக்கம் போகும், ஈயம் என்றால் 4.41. 925 வெள்ளிக்கு 4.83 வரும் என்பதால் இரண்டு மூன்று முறை வைத்துப் பாருங்கள். காசில் காற்றுக் குமிழ் ஒட்டினால் கணக்கு ஏறிவிடும், ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டால் ஒட்டாது. காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும், செம்பையும் ஈயத்தையும் காட்டாது. எக்ஸ் கதிரால் தரம் பார்க்க, கடையில் இருக்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரமும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது, முலாம் தடிமனாக இருந்தால் அதுவும் ஏமாறும்.

விற்பதை வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். சில கடைகள் தாங்கள் விற்ற காசை மட்டுமே, அதுவும் பில்லோடு வந்தால் மட்டுமே எடுக்கும். கொடுத்த 3 சதவீத ஜிஎஸ்டி திரும்பாது. அன்றைய விலையில் கழிவு எவ்வளவு என்பதைக் கடைக்குக் கடை கேட்டு எழுதிவைத்தால், 15 சதவீதக் கூடுதல் கொடுத்து வாங்கிய காசு லாபம் காட்ட வெள்ளி எவ்வளவு ஏற வேண்டும் என்று தெரிந்துவிடும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீத வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரம்புப்படி. வாங்கிய பில் இல்லாமல் அடக்கவிலையைக் காட்டுவது சிரமம், ஆகவே பில்லைக் காசோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள். கறுத்துவிட்டதே என்று விபூதி போட்டுத் தேய்க்க வேண்டாம். மேற்பரப்பு கீறி எடையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கறுத்த காசையும் கடைக்காரர் எடை போட்டுத்தான் எடுக்கிறார்.