தபாலில் வந்த ஐந்து பிகோனியா கிழங்குகள்: மூன்று வருடம் கழித்து

வீட்டுக்குப் பின்புறம், பெரிய மரத்தடியில் வெயிலே படாத ஒரு இடம். அங்கே எதை வைத்தாலும் இலை விடும், பூக்காது. அதற்காகத்தான் பிகோனியா கிராண்டிஸ் கிழங்கு ஐந்து வரவழைத்தேன். பிகோனியா நிழலிலும் பூக்கும் பூச்செடி; அதிலும் உறைபனியையும் தாங்கி மண்ணுக்குள் பிழைத்துக் கிடக்கும் வகை இது.

முதலில் குறை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு கிழங்கு கொழகொழவென்று அழுகியிருந்தது. மிச்சம் மூன்றும் கோலிக்குண்டு அளவில் நல்ல கெட்டி. கூட வந்த தாளில் மிக முக்கியமான விஷயத்தையே எழுதவில்லை: மற்ற செடியெல்லாம் துளிர்த்து முடித்த பிறகுதான் இது தலைகாட்டும். அது தெரியாமல், இரண்டாம் வருடம் செத்துப்போச்சு என்று நினைத்து மண்ணைக் கொத்தி, உயிரோடு இருந்த ஒன்றை நானே வெட்டிவிட்டேன். இன்னமும் மனசு ஆறவில்லை. இப்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு வைக்கிறேன்.

செடியைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. முட்டி உயரம் வளர்கிறது. இலை ஒருபக்கம் சாய்ந்த இதயம் மாதிரி. மேலே பச்சை, திருப்பினால் நரம்பெல்லாம் சிவப்பு. சாயங்கால வெளிச்சம் பின்னாலிருந்து விழும்போது அந்தச் சிவப்பு இலை முழுக்கப் பரவும். அதைப் பார்க்கவே வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பேன். கோடை முடியும் தறுவாயில் ரோஜா நிறப் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கும். பெண் பூவின் பின்னால் மூன்று சிறகு வைத்த பிஞ்சு இருக்கும், அதை வைத்தே ஆண் பூவையும் பெண் பூவையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

இலைக் கக்கத்தில் மிளகு மாதிரி குட்டிக் கிழங்குகள் பிடிக்கும். இலையுதிர் காலத்தில் தானே உதிர்ந்து, அடுத்த வருடம் முளைக்கும். பிழைத்த இரண்டு செடியிலிருந்து இன்று முப்பதுக்கு மேல் நிற்கிறது. வேண்டாத இடத்தில் வந்தால் சுலபமாகப் பிடுங்கலாம்.

குளிரைவிட, தேங்கும் தண்ணீர்தான் இதற்கு எமன். இலைமட்கும் பருமணலும் கலந்து மண்ணைப் பொலபொலவென்று வைத்து, குளிர்காலத்தில் சருகு மூடுங்கள்.

இந்த வருடம் வெள்ளைப் பூ வகை கேட்டிருக்கிறேன். காகிதப் பையில், காய்ந்த மரத்தூளுக்குள் வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.