கடலோர வீட்டில் பவளத் தொட்டி: விசிறியா, சில்லரா, ஏ.சி.யா?

திருவான்மியூரில் கடலிலிருந்து அதிகத் தொலைவில்லாத எங்கள் வீட்டுக் கூடத்தில், இரண்டடி நீளமும் ஏறத்தாழ 60 லிட்டர் நீரும் கொண்ட கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத இரவு ஒன்பது மணிக்கு, நீர்ப்பரப்பின் மேல் பொருத்திய விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தபோதே, வெப்பமானி 30.8 டிகிரியைக் காட்டியது. நாள் முழுவதும் விரல்களை விரித்து மூடிக்கொண்டே இருக்கும் சீனியா என்னும் மென்பவளம் அசைவற்றுக் குவிந்திருந்தது. நத்தைகள் நீர்மட்டத்துக்கு மேலேறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே நல்ல கடற்காற்று வீசிக்கொண்டிருந்ததால், விசிறி ஏன் தோற்றது என்பது அப்போது எனக்கு விளங்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் விசிறி, சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி), ஏ.சி. ஆகியவற்றுள் எதைத் தேர்வது என்பதும் தெளிவாயிற்று.

தொட்டிப் பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி வரையிலான நீரே பாதுகாப்பானது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியைக் கொண்டு அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கிறது. நீர் அளவுமீறிச் சூடாகும்போது அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாற, பவளம் அதை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகிறது. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள் 2010-லும் 2016-லும் வெளிறியது இப்படித்தான். மீன்களுக்கும் நெருக்கடிதான், 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், 30 டிகிரியில் அது 6.2 ஆகக் குறைகிறது, மீனின் உடலோ அதே வெப்பத்தில் கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கிறது. கடினப் பவளங்கள் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், உள்ளவை; ஆகவே மென்பவளங்களும் சோவாந்திட் என்னும் பவள உறவினங்களும் ஓரிரு கோமாளி மீன்களும் வாழும் சிறு தொட்டியை மட்டுமே இங்கே மனத்தில் கொண்டிருக்கிறேன்.

விசிறியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் எல்லோரும் தொடங்குவது அதில்தான். அது காற்றைக் குளிர்விப்பதில்லை, நீரை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு நாளில் ஒரு லிட்டர் ஆவியானால், நாள் முழுவதும் 28 வாட் வெப்பம் வெளியேறிக்கொண்டிருப்பதற்கு அது சமம். சில வாட் மின்சாரத்தில் ஓடும் சிறு விசிறி இந்த வேலையைச் செய்வதால், செலவைப் பொறுத்தவரை அதற்குப் போட்டியே கிடையாது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது அந்தக் காற்றில் நீர் ஆவியாகிக் குளிரக்கூடிய அடிமட்ட அளவுக்கு, கீழே அதனால் நீரைக் கொண்டுபோக முடியாது. நடைமுறையில், விளக்கும் பம்பும் தொடர்ந்து சூடேற்றிக்கொண்டிருப்பதால், அதற்கு ஓரிரு டிகிரி மேலேயே நின்றுவிடும்.

சென்னையின் மே மாத நண்பகலில் காற்று 38 டிகிரியும் ஈரப்பதம் 45 விழுக்காடும் இருக்கும்போது, ஈரக்குமிழ் வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டி அமைகிறது. மாலையில் கடற்காற்று வந்து காற்று 32 டிகிரிக்கு இறங்கி, ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு ஏறினாலும் கணக்கு மறுபடியும் அதே 28 டிகிரியில்தான் வந்து நிற்கிறது. நம் உடலுக்கு இதமாக இருக்கும் அந்தக் காற்று தொட்டிக்கு எந்த நன்மையையும் கொண்டுவரவில்லை என்பதே அன்றைய இரவின் புதிருக்கு விடை. அதே விசிறியை 36 டிகிரி வெப்பமும் 25 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட உள்மாவட்ட ஊர் ஒன்றில் வைத்தால், எல்லை 22 டிகிரிக்கும் சற்றுக் கீழே போய்விடும். ஆகவே காற்று வறண்ட ஊர்களில் இருப்பவர்கள் சில்லருக்குப் பணம் எடுத்துவைப்பதற்கு முன்னால், நல்ல விசிறி ஒன்றை வைத்து ஒரு கோடையைக் கடந்து பார்ப்பதே முறை. கடலோரத்தில் இருப்பவர்கள் விசிறியை மட்டும் நம்பிப் பவளம் வாங்கக் கூடாது.

விசிறிக்கு இன்னொரு விலையும் உண்டு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 60 லிட்டரில் 2 லிட்டர் குறைந்தால் ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பளவு 36.2 ஆகிவிடும், ஒரே நாளில் இவ்வளவு மாற்றம் என்பது பவளத்துக்குச் சிறிய செய்தி அல்ல. எனவே மிதவையுடன் கூடிய தானியங்கி நீர்நிரப்பி கட்டாயம் வேண்டும், அதில் ஊற்றுவது உப்பற்ற ஆர்.ஓ. நீராகவும் இருக்க வேண்டும். வீட்டுச் சுத்திகரிப்பான்கள் பலவற்றில் சுவைக்காகக் குழாய் நீரையே சிறிதளவு கலக்கும் டி.டி.எஸ். திருகு இருக்கும். அதை மூடாமல் அந்த நீரை நாள்தோறும் இரண்டு லிட்டர் ஊற்றிவந்தால், ஆவியாகிப் போகாத கனிமங்கள் வாரக்கணக்கில் சேர்ந்து பாசிப் பெருக்கில் கொண்டுபோய் விடும். இரும்பு உதிரிகளுள்ள விசிறியாக இருந்தால் துருவும் உப்புப் பொருக்கும் அதன் ஆயுளைக் குறைத்துவிடும். என் முதல் விசிறியின் இதழ்களில் வெள்ளைப் பொருக்குப் படிந்து, அது ஓசை எழுப்பத் தொடங்கியது ஐந்தாவது மாதத்தில்.

பெல்டியர் சில்லு (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) கொண்ட சிறு குளிர்விப்பான்கள் மலிவாகவும் ஓசையின்றியும் இருப்பதால் பலரைக் கவர்கின்றன. இந்த வேலையில் அவை இழுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவான வெப்பத்தையே பெரும்பாலும் நகர்த்தும். 20 லிட்டர்த் தொட்டியில் ஓரிரு டிகிரி குறைக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்ப்பது வீண்.

கம்ப்ரசர் உள்ள சில்லருக்கு ஈரப்பதம் ஒரு தடையே அல்ல. என் தொட்டியின் கணக்கைச் சொல்கிறேன்: விளக்கு, பம்புகள், 33 டிகிரி அறையிலிருந்து கண்ணாடி வழியே நுழையும் வெப்பம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 வாட் வருகின்றன. 180 வாட் இழுக்கும் 1/10 எச்.பி. சில்லர் ஒன்று நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் விட்டுவிட்டு ஓடி இதைச் சமாளிக்கிறது. வாங்கும்போது விலைக்கு முன்பாக இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, உள்ளே நீர் ஓடும் சுருள் டைட்டானியத்தால் ஆனதா என்பது. செம்பு கரைந்து கலந்தால் பவளமும் இறாலும் நத்தையும் பிழைக்காது. இரண்டாவது, குறித்த வெப்பநிலைக்கு எத்தனை டிகிரி மேலே போனால் அது இயங்கத் தொடங்கும் என்பது; இந்த இடைவெளி ஒரு டிகிரிக்குள் இருப்பது நல்லது.

சில்லர் வெப்பத்தை அழிப்பதில்லை, அதைத் தொட்டியிலிருந்து எடுத்து அறைக்குள் ஊதுகிறது. இது தெரிந்திருந்தும், பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று நான் அதைத் தொட்டிக்குக் கீழேயுள்ள மர அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டேன். இரவு முழுவதும் அது நிற்காமல் ஓடியது. காலையில் கதவைத் திறந்தபோது முகத்தில் அனல் அடித்தது, நீரோ 28.5 டிகிரியில் இருந்தது. சுவரில் துளையிட்டு, குழாய்களை நீட்டி, நிழலுள்ள பின்கட்டுக்கு அதை மாற்றிய அன்றே நீர் 26 டிகிரிக்கு இறங்கிவிட்டது.

ஏ.சி.யின் சிறப்பு, தொட்டியோடு அறையையும் குளிர்விப்பதுதான். 2020 ஜனவரி முதல் நம் நாட்டு ஏ.சி.கள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வருகின்றன. அறை 24-இல் இருந்தால், விளக்கு மற்றும் பம்பின் வெப்பத்தால் தொட்டி 25 அல்லது 26-இல் நிற்கும், அது பவளத்துக்கு உகந்த அளவே. ஆனால் நாள் முழுவதும் ஓட வேண்டும். இரவில் மட்டும் ஓடி, பகலில் நிற்கும் ஏ.சி. தொட்டியை நாள்தோறும் 25-க்கும் 31-க்கும் இடையே ஊசலாட்டும். நிலையாக 28-இல் இருக்கும் தொட்டியைவிட இது மோசமானது என்பதே என் கருத்து. சராசரியாக 500 வாட் இழுக்கும் ஏ.சி. நாள் முழுவதும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் ஆகும். சில்லருக்கு அதன் சுழற்சிப் பம்பையும் சேர்த்து 130 யூனிட் போதும். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி அதற்குக் கீழுள்ள ஒரு பகுதிக்கும் வீதம் உயர்ந்துவிடும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். முதியவரோ கைக்குழந்தையோ இருப்பதால் எப்படியும் நாள் முழுவதும் குளிரூட்டப்படும் அறை ஒன்று வீட்டில் இருந்தால், தொட்டியை அங்கே மாற்றிவிடலாம். தொட்டிக்காக மட்டும் ஏ.சி. போடுவது பொருந்தாத செலவு.

உறையவைத்த நீர்ப் பாட்டிலை மிதக்கவிடும் பழக்கத்தை முதலுதவியாக மட்டுமே கொள்ளலாம். அரை லிட்டர் பாட்டில் ஒன்று 60 லிட்டரை ஏறத்தாழ 1 டிகிரி குளிர்விக்கும். 100 வாட் வெப்பம் வந்துகொண்டிருந்தால் அந்த ஒரு டிகிரி முக்கால் மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். பனிக்கட்டியை நேராகப் போடக் கூடாது, அது உருகி உப்பளவைக் குறைத்துவிடும்.

எதை வாங்கினாலும், அதற்கு முன் உள்ளே சேரும் வெப்பத்தைக் குறைப்பதே செலவில்லாத வழி. நீருக்குள் ஓடும் பம்பு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகவே முடிகிறது. என் பழைய 25 வாட் பம்பை 8 வாட் டி.சி. பம்பாக மாற்றியதில் மட்டும் 17 வாட் மிச்சமாயிற்று. விளக்கு எரியும் நேரத்தை நண்பகலிலிருந்து மாலை ஐந்து மணிக்குத் தள்ளினேன். வெயில் கடுமையான நாள்களில் ஒளியையும் பாதியாகக் குறைக்கிறேன், ஏனெனில் பவளம் வெளிறுவதற்கு வெப்பத்தோடு ஒளியும் சேர்ந்தே காரணமாகிறது.

மின்தடையின்போது சில்லர், ஏ.சி. இரண்டுமே கைவிட்டுவிடும். அப்போது குளிர்ச்சியைவிட ஆக்சிஜன்தான் முதலில் தீரும் என்பதால், வீட்டு இன்வெர்ட்டரில் சில்லரை இணைக்காமல் 8 வாட் பம்பையும் விசிறியையும் மட்டுமே இணைத்திருக்கிறேன். நீர்ப்பரப்பு அசைந்துகொண்டே இருந்தால் மீன்கள் பல மணி நேரம் தாங்கும். மின்சாரம் திரும்பியதும் கம்ப்ரசர் உடனே கிளம்பிப் பழுதாகாமல் இருக்க, மூன்று நிமிடத் தாமதம் தரும் ஸ்டெபிலைசர் ஒன்றைச் சில்லருக்கு முன் பொருத்தியிருக்கிறேன்.