தேங்காய் அடுக்கு கேக்: பாக்கெட் துருவலை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

பொள்ளாச்சியிலும் காங்கயத்திலும் தேங்காய் குவிந்து கிடக்கும்போது துருவலைப் பாக்கெட்டில் வாங்க வேண்டுமா? தேங்காய் அடுக்கு கேக் செய்வதாக இருந்தால் ஒரு பாக்கெட் வாங்கத்தான் வேண்டும். அந்தக் கேக்கில் தேங்காய் நான்கு இடங்களில் வருகிறது: மாவுக்குள், பாலாக, அடுக்குகளுக்கு நடுவே பூரணமாக, மேலே தூவலாக. பாக்கெட் துருவல் முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும்தான் ஏற்றது. நடுவில் உள்ள இரண்டுக்கும் வீட்டில் காய் உடைப்பதே சரி. ‘டெசிகேட்டட் கோகோநட்’ என்று கடையில் விற்கும் இந்த உலர்துருவலில் எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த ரகம் என்பதுதான் கேக்கை முடிவு செய்கிறது. அதனால் ரகத்தை வைத்தே சொல்கிறோம்.

முற்றிய தேங்காயில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். உலர்துருவலில் ஈரம் 3 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், கொழுப்பு 60 சதவீதத்தைத் தாண்டும். பச்சைத் துருவலை அப்படியே கேக் மாவில் போட்டால் வேகும்போது தண்ணீர் விடும். அதைச் சுற்றியுள்ள மாவு களி மாதிரி நிற்கும், துருவலும் கனத்தில் அடியில் போய்ப் படியும். வெட்டிப் பார்த்தால் அடியில் ஈரப் பட்டை ஒன்று ஓடியிருக்கும். அதை வேகாத கேக் என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் ஓவனில் விடுவதால் பயனில்லை. மேல்பக்கம் காயுமே தவிர அந்தப் பட்டை போகாது. பச்சைத் துருவல்தான் வேண்டும் என்பவர்கள் எண்ணெய் விடாத வாணலியில், சிறு தீயில், நிறம் மாறாமல் உதிரியாகும்வரை புரட்ட வேண்டும். 100 கிராம் துருவல் சுமார் 60 கிராமாக இறங்கினால்தான் மாவுக்கு ஆகும். இந்த வேலையைத்தான் பாக்கெட் நமக்கு மிச்சம் பண்ணித் தருகிறது.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கேக் சாமான் விற்கும் கடைகளில் ரவை போன்ற பொடி, அதைவிடப் பருத்த நடுத்தரம், நீளமான சீவல் என மூன்று பருமனில் கிடைக்கும். மாவுக்குப் பொடி, மேலே தூவ நடுத்தரம் அல்லது சீவல். மாற்றிப் போட்டால் வாயில் தெரிந்துவிடும். பொடியை வெளியே தூவினால் மணலை மெல்லுவது போல இருக்கும். சீவலை மாவில் போட்டால் கேக்கை அடுக்காக அறுக்கும்போது கத்தியில் இழுத்துக்கொண்டு வந்து அடுக்கைப் பிய்த்துவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கொழுப்பு குறைந்த ரகம். தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையைக் காயவைத்து அரைத்தால் அதுவும் வெள்ளையாக, பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். விலை மட்டும் கணிசமாகக் குறைவாக இருக்கும். மிட்டாய்க்கோ சட்னிக்கோ எப்படியோ, கேக்குக்கு இது ஆகாது. வாசமும் இல்லை, கொழுப்பும் இல்லை, கேக்கின் ஈரத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 60க்குப் பக்கத்தில் இருந்தால் முழுக் கொழுப்பு. 50க்குக் கீழே இருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடலாம். மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் கடைகளில் அச்சடித்த அட்டை இருக்காது. அங்கே ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் போதும், நல்ல துருவல் எண்ணெய்த் தடம் விடும். பிறகு கொஞ்சம் வாயில் போட்டு மெல்லுங்கள். சோப்பு போல ஒரு சுவை வந்தால் கெட்டுப்போன சரக்கு. தேங்காய்க் கொழுப்பில் பெரும்பங்கு லாரிக் அமிலம். ஈரம் பட்டு அது பிரிந்து நின்றால் இந்தச் சோப்புச் சுவைதான் வரும். எத்தனை ஏலக்காய், எத்தனை வெனிலா போட்டாலும் அதை மறைக்க முடியாது. வெண்மைக்காகச் சல்ஃபைட் சேர்த்த சரக்கும் உண்டு. பாக்கெட்டில் 220, 223 போன்ற எண்கள் இருக்கிறதா என்று ஆஸ்துமா உள்ளவர்கள் பார்த்து வாங்குவது நல்லது. அங்கங்கே பழுப்புப் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, சீவாமல் விட்ட பருப்பின் தோல்தான் அது.

அமெரிக்கச் செய்முறையைப் பார்த்துச் செய்து கேக் வறண்டுபோனது என்று வருந்துபவர்கள் நிறைய. காரணம் எளிது. இந்தக் கேக்குக்கு அங்கே பெரும்பாலும் எடுப்பது சர்க்கரை சேர்த்த, ஈரப்பதமான துருவல். இங்கே பாக்கெட்டில் வருவது சர்க்கரை சேர்க்காத, நன்றாகக் காய்ந்த துருவல். அதே அளவு போட்டால், சுட்டு எடுத்த மறுநாளும் அது கேக்கிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நம் பாக்கெட்டுக்கு ஒரே விதி: ஊறவைக்காமல் மாவில் போடக் கூடாது. 60 கிராம் பொடித் துருவலை 200 மில்லி கெட்டித் தேங்காய்ப் பாலில் அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். பால் விரல் பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும், அந்த எண்ணெய் மாவோடு சேராது.

ஏழு அங்குல வட்டத் தட்டு இரண்டுக்கான அளவு: மைதா 220 கிராம், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) 30 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெண்ணெய் 170 கிராம், பொடித்த சர்க்கரை 240 கிராம், முட்டை 4, மேலே சொன்ன ஊறிய துருவல் பாலோடு. முட்டை ஓடு நீக்கி 200 கிராம் வர வேண்டும். சின்ன முட்டை வந்தால் ஐந்தாவதை உடைத்து அடித்து, குறைகிற எடைக்கு மட்டும் ஊற்றுங்கள்.

ஊத்துக்குளி வெண்ணெய் போடுபவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். அதன் வாசமும் வெண்மையும் எந்தப் பாக்கெட் வெண்ணெயிலும் வராது, ஆனால் உருண்டைக்குள் மோர்த் தண்ணீர் நின்றிருக்கும். ஐஸ் தண்ணீரில் போட்டு இரண்டு முறை பிசைந்து கழுவி, துணியில் வைத்து அழுத்தி, அதற்குப் பிறகுதான் 170 கிராம் நிறுக்க வேண்டும். அப்படியே நிறுத்தால் வெண்ணெய் குறைந்து தண்ணீர் கூடிவிடும். முட்டை சேர்க்கும்போது கலவை திரிதிரியாகப் பிரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிக் காரணம் குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்த முட்டை. சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறான பிரச்சினை வரும். ஈரோடு, கரூர் பக்கம் சமையலறை மேடையில் வெண்ணெய் கால்மணியில் உருகி எண்ணெயாகிவிடும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது, கேக் எழும்பாது. பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்து அடித்தால் சரியாக வரும்.

வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைத்து வர ஆறு நிமிடம் அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சலித்த மாவை மூன்று பங்காகவும் துருவல் பாலை இரண்டு பங்காகவும் மாற்றி மாற்றிக் கலக்க வேண்டும். மாவு விழுந்த பிறகு மிஷின் வேண்டாம், கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்துக் கலந்தால் போதும். ஓவனை 15 நிமிடம் முன்சூடு செய்து, மேல் கம்பி கீழ் கம்பி இரண்டையும் போட்டு, 170 டிகிரியில் 32 முதல் 36 நிமிடம். சிறிய மேசை ஓவன்களில் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைப்பது, புது ஓவன் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு. நடுவில் மலைபோல் எழும்பி வெடித்தால் சூடு அதிகம், ஆறியபின் குழி விழுந்தால் பாதியில் கதவைத் திறந்திருப்பீர்கள் அல்லது பேக்கிங் பவுடர் கூடியிருக்கும்.

சூடாக இருக்கும்போது அடுக்கு அறுக்கவே கூடாது. முழுக்க ஆறி, சுற்றிக் கட்டி, இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் இருந்த கேக்தான் இரண்டு தட்டும் சேர்ந்து நான்கு அடுக்காகச் சிதையாமல் வரும்.

இனி வீட்டுத் தேங்காயின் வேலை. மொத்தம் மூன்று காய் வேண்டும். இரண்டு பாலுக்கு, ஒன்று பூரணத்துக்கு. ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் குலுங்குகிற, கைக்குக் கனமான, தொட்டி (சிரட்டை) கறுத்த காயாகப் பாருங்கள். இளசாக இருந்தால் பால் நீர்த்துவிடும். இரண்டு காய்த் துருவலுக்கு 250 மில்லி வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் மாவுக்கும் மேல்பூச்சுக்கும் தேவையான 400 மில்லி கெட்டிப் பால் கிடைக்கும். இரண்டாம் பாலில் கால் தம்ளர் எடுத்து, 2 டீஸ்பூன் சர்க்கரை கலந்து, அறுத்த அடுக்குகளில் தடவலாம். பொள்ளாச்சி இளநீரைக் கேக்கில் ஊற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஓவன் சூட்டில் அதன் மென்மையான சுவை ஒன்றுமே மிஞ்சாது. இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடிப்பதே அதற்கு மரியாதை.

பூரணம் ஒப்பிட்டுக்கு, அதாவது போளிக்கு, கிளறுவது போலத்தான். துருவல் 200 கிராம், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை 90 கிராம், ஏலக்காய் 3, நெய் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ஒப்பிட்டுக்கு உருண்டை பிடிக்கும் பதம் வேண்டும். இதற்கு அதைவிடச் சற்று இளகிய பதத்தில் இறக்கிவிடலாம், ஆறும்போது இறுகும். பால் பிழிந்த சக்கையை இதில் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், மரத்தூள் மெல்லுவது போல இருக்கும். பாக்கெட் துருவலிலும் பூரணம் செய்யலாம், ஆனால் பச்சைத் தேங்காயின் சாறு அதில் இல்லை. ஓர் அடுக்குக்கு 80 கிராம் போதும். அதற்கு மேல் வைத்தால் மேல் அடுக்கு வழுக்கி நகரும்.

மேல்பூச்சுக்கு வெறும் வெண்ணெயும் சர்க்கரையும் அடிப்பதைவிட மைதாக் கூழ் முறை இந்த ஊருக்கு ஒத்துவரும், தித்திப்பும் குறைவு. 200 மில்லி தேங்காய்ப் பாலில் 25 கிராம் மைதாவையும் 140 கிராம் சர்க்கரையும் கரைத்து, சிறு தீயில் கூழாக்கி, முற்றிலும் ஆறவிட்டு, நுரைத்த 200 கிராம் வெண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடிக்க வேண்டும். கூழ் துளி வெதுவெதுப்பாக இருந்தாலும் எல்லாம் ஒழுகிப்போகும். கழுவி அழுத்திய ஊத்துக்குளி வெண்ணெய் இங்கே அருமையாக நிற்கும், பூச்சு பால் வெள்ளையாக வரும். மண்டபத்தில் மணிக்கணக்கில் வைக்க வேண்டிய கேக்குக்கு மட்டும் கடை விப்பிங் க்ரீம் அடிக்கலாம். தாங்கும், ஆனால் தேங்காய் வாசத்தை அது அமுக்கிவிடும்.

பூசிய பத்து நிமிடத்துக்குள் பாக்கெட் சீவலை உள்ளங்கையில் எடுத்துப் பக்கவாட்டில் அழுத்த வேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் பூச்சு மேல் ஏடு கட்டித் துருவல் ஒட்டாது. வறுத்துத் தூவுவதானால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம், இடையில் ஒருமுறை கிளறி. ஈரம் இல்லாததால் பொன்னிறத்திலிருந்து கருகலுக்குப் போக ஒரு நிமிடம் போதும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆடி முதல் நாள் அழிஞ்சில் குச்சியில் செருகிச் சுடும் தேங்காயின் வாசம் இதில் கொஞ்சம் வரும். பச்சைத் துருவலை மேலே தூவினால் பார்க்க அழகுதான், ஆனால் வெயில் காலத்தில் காலையில் தூவியது மாலைக்குள் புளித்துவிடும். பூரணமும் பாலும் இருப்பதால் இந்தக் கேக் குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும், மூன்று நாள் தாங்கும். பரிமாற அரைமணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குளிர்ச்சியாகத் தின்றால் மெழுகு போல நாக்கில் ஒட்டும். பாக்கெட்டில் மீந்த துருவலை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு அதே குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த முறை எடுக்கும்போது மறுபடியும் ஒரு சிட்டிகை மென்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.