வெடிப்புக்குக் காவல் வைத்த சென்சர்கள்: உப்புவெளியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் கடற்கரைப் பக்கமாக எங்களுக்கு ஒரு சின்ன விடுதி. கீழே நாங்கள், மேலே வாடகை அறைகள். பக்கத்துக் காணியில் ஹோட்டலுக்கு அத்திவாரம் போடத் தொடங்கிய கொஞ்ச நாளில், மேல் அறை யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஒரு வெடிப்பு ஓடியது. "அது உங்கட பழைய வெடிப்பு அக்கா" என்றார் அவர்களின் கொந்தராத்துக்காரர். அத்திவாரத்துக்கு நிலத்துக்குள் தூண் இறக்கும் பைல் அடித்ததால் வந்தது என்று நாங்கள் நின்றோம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்தி என்ன பலன்? கொழும்பு நிறுவனம் ஒன்றிடம் சென்சர்களை மாத வாடகைக்கு எடுத்தேன். கட்டணம், சீசனில் ஒரு அறைக்கு வரும் நாலைந்து இரவுக் காசு.

வெடிப்பின் இரண்டு கரையையும் பிடித்துப் பூட்டும் கருவி இரண்டு, சுவர் சரிகிறதா என்று பார்க்க ஒன்று, அதிர்வு அளக்கும் பெட்டி ஒன்று. எல்லாம் பற்றரியில் ஓடும். சிம் போட்ட இன்னொரு பெட்டி கணக்கைப் போனுக்கு அனுப்பும். பூட்ட வந்த பொறியியலாளர் தம்பி வேலையோடு வேலையாக அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் கதை சொன்னார். 2007 இல் அங்கே பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்களாம். அடுத்த வருடம் திறந்த புதுப் பாலத்தில் 300க்கு மேற்பட்ட சென்சர்களாம். சரி தம்பி, எனக்கு நாலு போதும் என்றேன்.

முதலில் தெரிந்தது, சுவர் சும்மா நிற்பதில்லை என்பது. வெயில் ஏற வெடிப்பு ஒடுங்கும், விடியப்புறம் திரும்ப விரியும். இந்தத் தினசரி ஆட்டத்தைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான நகர்வு தெரியும். கழித்தபோது எங்கள் கட்சி விழுந்தது. பைல் அடித்த நாட்களில் அதிர்வின் வேகம் நொடிக்கு 2 மில்லிமீற்றரைத் தாண்டவில்லை. சாதாரண வீடுகளுக்கு, மெதுவாக ஆடும் அதிர்வென்றால், ஜெர்மன் தரம் 5 வரை விடுகிறது. வெடிப்பும் அந்த நாட்களில் அசையவில்லை.

அசைந்தது வேறு நாட்களில். குழியில் ஊறிய தண்ணீரை இரவு பகலாகப் பம்பால் இறைத்த நாட்கள்! போனில் வரும் வரைபடத்தில் வெடிப்பின் கோடு படி ஏறுவது போல ஏறியது, சரிவு காட்டும் கருவியும் கூடவே நகர்ந்தது. எங்கள் நிலம் வெறும் மணல். நிலத்தடி நீர் இறங்கினால் மணல் இறுகும், பக்கத்து அத்திவாரமும் சேர்ந்து இறங்கும். போய்ப் பார்த்தால், பம்புக் குழாய் வாயடியில் மெல்லிய மணல் குவியலாகக் கிடந்தது. தண்ணீரோடு நிலத்தையும் அள்ளியிருக்கிறார்கள். வரைபடத்தைக் காட்டியதும் கொந்தராத்துக்காரர் அதிகம் பேசவில்லை. குழியைச் சுற்றி இரும்புத் தகடு இறக்கி, வடிகட்டியும் போட்டார். கோடு பிறகு படுத்துவிட்டது.

எங்கள் மேசன் ஐயா வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்தால் ஒட்டி, "உடைஞ்சால் ஓடுது பிள்ளை" என்றிருந்தார். அதுவும் உடைந்தது. எந்த இரவு, எத்தனை மணிக்கு என்று கண்ணாடி சொல்லாது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

குறைகளும் உண்டு. அறிக்கை முழுக்க ஆங்கிலம். தமிழில் ஒரு பக்கமாவது தாருங்கள் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. எச்சரிக்கை அளவை மிகக் கீழே வைத்துவிட்டார்கள். கச்சான் காற்றில் கதவு அடித்தாலும் நடுச்சாமத்தில் போன் அலறும். எரிச்சல் தந்தது வேறு: கருவிப் பெட்டிக்குள் தண்ணீர் போகாது, உண்மை. ஆனால் அதைச் சுவரில் பிடித்த ஆணியும் தகடும் ஒரு சீசனுக்குள் துருவேறி, வெள்ளைச் சுவரில் செம்மஞ்சள் கோடாக வடிந்துவிட்டன. கடலோரத்துக்கு என்று சொல்லித்தானே எடுத்தேன்?

இன்னொன்று. கொங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கிறதா என்று இந்தக் கருவிகள் சொல்லாது. கடற்கரை வீடுகளுக்குப் பெரிய எதிரி அதுதான். துரு கம்பியை விட அதிக இடம் பிடித்து உள்ளிருந்தே கொங்கிரீட்டைத் தள்ளும். அதற்கு அந்தத் தம்பி தூண்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். ஒரு தூண், உள்ளே வெற்றிடம் இருப்பது போல, பொள்ளென்று ஒலித்தது. அந்தத் தட்டலுக்குக் காசு வாங்கவில்லை.

விலைக்கு வாங்கத் தேவையில்லை. பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் காலத்துக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். ஆனால் அவர்கள் மண் வெட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே பூட்டுங்கள், சுவரின் வழக்கமான ஆட்டம் பதிவாகட்டும். துருப்பிடிக்காத தகடு என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.